சித்தப்பாவின் பழைய எலக்ட்ரிக் கிட்டார்: எங்கே ஆரம்பிக்கட்டும்?

ஒண்டிக்கடை | ஜூன் 29

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் இருக்கிறேன். கிட்டார் சுமாராக வாசிப்பேன், மரவேலை அதைவிடச் சுமார். போன மாதம் சேலம் அம்மாபேட்டையில் சித்தப்பா வீட்டுப் பரணை ஒழித்தபோது, பாயில் சுருட்டிக் கட்டிய ஒரு எலக்ட்ரிக் கிட்டார் கிடைத்தது. 1980-களில் அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தார் என்று கேள்விப்பட்டதுண்டு. நான் பார்த்ததில்லை, நான் பிறப்பதற்கு முன்பே விட்டுவிட்டார். "எடுத்துக்கிட்டுப் போ, ஆனா அது சுருதி சேராத கட்டை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கொம்பு வைத்த உடல், கறுப்புப் பெயிண்ட், இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார அலையாக மாற்றும் செம்புச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. தலைப்பக்கம் ஒட்டியிருந்த எதையோ யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பெயிண்ட் பொரிந்து கிடக்கிறது. ஒரு பிக்கப் ஊமை. குமிழைத் திருகினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

கறுப்பை உரித்து, என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) லேக்கர் அடித்து, நடுவில் தேன் நிறமும் ஓரத்தில் கறுப்புமாக சன்பர்ஸ்ட் போட ஆசை. வீட்டு மாடியிலேயே அடிக்கலாமா? எங்கே ஆரம்பிக்கட்டும்?

டிங்கர்பட்டறை | ஜூன் 29

கொண்டலாம்பட்டியில் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிட்டார் தெரியாது, பெயிண்ட் தெரியும்.

தம்பி, முதலில் அது என்ன பெயிண்ட் என்று கண்டுபிடியுங்கள். நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, கழற்றினால் ஒரு பள்ளம் இருக்கும் அல்லவா, வெளியே தெரியாத அந்த இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். கரைந்து ஒட்டினால் அரக்கு பாலிஷ். கரையாவிட்டால் என்.சி. தின்னர் தொட்டுப் பாருங்கள். கரைந்து பஞ்சில் நிறம் ஏறினால் என்.சி. லேக்கர். தோல் சுருங்கிய மாதிரி சுருண்டு எழும்பினால் கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல். எதற்கும் அசையாமல் கல்லு மாதிரி இருந்தால் பாலியெஸ்டர் அல்லது பி.யூ. (பாலியூரிதேன்). அதற்கு ஹீட் கன்னும் சுரண்டியும்தான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எனாமல் மேல் என்.சி. அடித்தால் அடியில் இருப்பது சுருண்டு மேலே வரும். எங்கள் பட்டறைக்கு மாதம் ஒருவராவது அப்படிச் செய்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த தூள் பறக்க உப்புத்தாள் போடாதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் வேண்டாம்.

பேஸ்தாத்தா | ஜூன் 30

உரிக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். முதலில் இருக்கிற நிலையிலேயே புதுக் கம்பி போட்டு, டியூன் செய்து, ஒரு வாரம் வாசியுங்கள். நெக் வளைந்திருக்கிறதா, கழுத்துக்குள் அதை நேராக்க இருக்கும் இரும்புக் கம்பி, டிரஸ் ராட், திரும்புகிறதா, கம்பி எங்கே இரைகிறது, சுருதி எங்கே ஓடுகிறது, எல்லாம் எழுதி வையுங்கள். நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் கட்டை) 12-வது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு), அங்கிருந்து பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்கும் தட்டு), இரண்டையும் அளந்து இங்கே போடுங்கள். நிறம் கடைசி. 40 வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவன் சொல்கிறேன்: பளபளவென்று வாசிக்க முடியாத கிட்டார்கள் சேலத்தில் நிறையப் பார்த்தாயிற்று.

ஒண்டிக்கடை | ஜூலை 2

ஐயா, மன்னிக்கவும். நீங்கள் எழுதியதைப் பார்ப்பதற்குள் பாதி உரித்துவிட்டேன். தின்னரில் சுருண்டது, ஆகவே எனாமல். அதற்கடியில் ஒரு மில்லி கனத்துக்குப் பட்டி. அதற்கும் அடியில் வந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படம் போட்டிருக்கிறேன். மரம் முழுக்கச் சின்னச் சின்னச் செதில்கள், மீன் தோல் மாதிரி, வெளிச்சத்தில் திருப்பினால் மினுங்குகிறது. இது என்ன மரம்?

நாகலூர்மிளகு | ஜூலை 2

சிரித்துவிட்டேன். அது நம்ம ஊர் சில்வர் ஓக்! எங்கள் எஸ்டேட்டில் காபிக்கு நிழல், மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பு, இரண்டும் அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். உள்ளிருந்து வெளியே ஓடுகிற ரேகைகள் இதில் ரொம்பப் பெரியவை, அதனால்தான் அறுக்கும் கோணத்தைப் பொறுத்து அந்தச் செதில் கோலம் வருகிறது. பெட்டி, பிளைவுட் என்று போகிற மரம். கிட்டாராகப் பார்ப்பது முதல்முறை.

அப்படியானால் இது எந்தத் தொழிற்சாலையிலும் செய்த உடல் இல்லை. இந்த மலையிலோ அடிவாரத்திலோ ஒரு ஆசாரி இழைத்தது.

ஒண்டிக்கடை | ஜூலை 3

சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். "கழுத்து மெட்ராஸ்ல வாங்கினது, பழசு. உடம்பு ஏற்காட்டு ஆசாரி ஒருத்தர் செஞ்சு கொடுத்தார்" என்றார். அவ்வளவு நாள் இதைச் சொல்லவே இல்லை, நான் கேட்கவும் இல்லை.

பேஸ்தாத்தா | ஜூலை 3

நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் எவ்வளவு?

கொலுசுமெருகு | ஜூலை 4

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. கிட்டார் ஆர்வம் தனி. அந்தக் கோலத்தை மறுபடி கறுப்பில் மூடினால் பாவம். சன்பர்ஸ்ட்டும் வேண்டாம், தெளிந்த பாலிஷ் மட்டும் போடுங்கள். ஃப்ரெட் போர்டு ஈட்டி மரமா?

நாகலூர்மிளகு | ஜூலை 4

படத்தில் ஈட்டி மாதிரிதான் இருக்கிறது, சிலர் தோதகத்தி என்பார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள், அதன்படி பட்டா நிலத்து மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்று ஆனது. உலக அளவில் 2017-ல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் அந்த இனம் முழுவதும் வந்து, கிட்டார்க்காரர்கள் எல்லையில் காகிதம் காட்டவேண்டிய நிலை ஆனது. 2019 கடைசியில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இருப்பதைப் பத்திரமாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்க்காதீர்கள், சிக்கு வாடை வரும்.

ஈயம்63 | ஜூலை 6

மின்சாரப் பக்கம் நான் வருகிறேன். ஊமைப் பிக்கப்பின் இரண்டு வயரையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நல்ல சிங்கிள் காயில் 5,000 முதல் 7,000 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. உடனே மறுபடி சுற்றவேண்டும் என்று பயப்படாதீர்கள். பத்தில் பாதி நேரம் உள்ளே அறுவதில்லை, முடியை விட மெல்லிய அந்தக் கம்பி வெளி வயரோடு சேர்கிற முனையில்தான் அறுகிறது. 42-ம் நம்பர் கம்பி, 0.063 மில்லிமீட்டர். பூதக்கண்ணாடி வைத்து, கம்பியின் மேல் இருக்கிற எனாமல் பூச்சை மெதுவாகச் சுரண்டி, ஒரு புள்ளி ஈயம் வையுங்கள்.

குமிழில் அப்பளச் சத்தம் என்றால் அதற்கு அடியில் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டருக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சரியாகாவிட்டால் புதிது: 250 கிலோ ஓம், லாக் (லாகரிதம்) வகை. டோனுக்கு 0.047 அல்லது 0.022 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். பெரிய விலைக்கு விற்கிற எண்ணெய்க் கபாசிட்டரெல்லாம் தேவையில்லை. அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஒண்டிக்கடை | ஜூலை 13

ஈயம்63 அண்ணாவுக்குக் கும்பிடு. நீங்கள் சொன்ன முனைதான். இரண்டு மணி நேரம், ஒரு சொட்டு ஈயம், ஊமை பேசிவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம்: இங்கே அளந்தபோது 5,800 ஓம். போன வாரம் சேலத்தில் அம்மா வீட்டில் அளந்தபோது அதே பிக்கப் 6,200-க்கு மேல் காட்டியது. உள்ளே ஷார்ட் ஆகிறதா?

ஈயம்63 | ஜூலை 13

ஷார்ட் இல்லை, ஏற்காடு மலைப்பாதையின் இருபது ஊசி வளைவு! பிக்கப்பில் சுற்றியிருப்பது செம்புக் கம்பி. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். மேலே 18 டிகிரி, கீழே 38 என்றால் 20 டிகிரி வித்தியாசம், அதாவது சுமார் 8 சதவீதம். 5,800-ல் 8 சதவீதம் 460 சொச்சம். கணக்கு நேராக இருக்கிறது. இணையத்தில் பிக்கப் ஓம் பற்றி அடித்துக்கொள்கிறவர்கள் ஒரு தடவை ஏற்காடு பஸ் ஏறினால் நல்லது.

ஒண்டிக்கடை | ஆகஸ்ட் 3

தோல்விச் செய்தி. கொலுசுமெருகு சொன்னதைக் கேட்டு சன்பர்ஸ்ட்டை விட்டேன். பட்டியை முழுக்க எடுத்து, 120, 180, 240, 320 என்று உப்புத்தாள் போட்டு, சீலர் இரண்டு கை கொடுத்து, நேற்று மாலை நாலரை மணிக்கு மாடியில் என்.சி. லேக்கர் ஸ்ப்ரே அடித்தேன். அடித்த ஐந்தாவது நிமிடம் கண்ணாடி மாதிரி இருந்தது. பத்தாவது நிமிடம் மோர் ஊற்றிய மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. காலையில் பார்த்தாலும் அப்படியே. கோலம் எல்லாம் போயிற்று. அழுகை வருகிறது.

டிங்கர்பட்டறை | ஆகஸ்ட் 3

அழாதீர்கள் தம்பி, அது பூத்துப்போனது. லேக்கரில் இருக்கிற தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு சில்லிட்டுவிடும். ஆடி மாதம், மாலை நாலரை, ஏற்காடு. காற்றில் இருக்கிற ஈரம் முழுவதும் வந்து அதன் மேல் உட்கார்ந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. பனி உங்கள் வீட்டு ஜன்னலில் படிவது போலத்தான்.

மீட்கலாம். நல்ல வெயில் அடிக்கிற முற்பகலில், ரிடார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தால் மேல்தோல் மறுபடி இளகி ஈரம் வெளியேறும். ஆனால் இந்த மாதம் மலையில் அந்த முற்பகலை எங்கே தேடுவீர்கள்? கீழே கொண்டுவாருங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், சேலத்தில் மே மாத உச்சி வெயிலில் அடித்தால் இதற்கு நேர்மாறு: லேக்கர் மரத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து மணல் மணலாக விழும்.

இன்னும் இரண்டு விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்.சி. என்பது நைட்ரோ செல்லுலோஸ், குபீரென்று பிடிக்கும். அந்த ஆவி தரையோடு தவழும். பக்கத்து அறையில் அடுப்போ சாமி விளக்கோ எரிந்தால் போதும். துணி மாஸ்க் அந்த ஆவிக்கு ஒன்றுமே செய்யாது, கரி அடைத்த டப்பா வைத்த மாஸ்க்தான். அப்புறம் யாராவது "டூ-கே பி.யூ. அடிங்க, கார் மாதிரி மின்னும்" என்பார்கள். டூ-கே என்றால் இரண்டு டப்பா கலந்து அடிப்பது. அதில் கெட்டியாக்கக் கலக்கிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். நான் பிழைப்புக்காக, வெளிக்காற்று வரும் குழாய் மாட்டிக்கொண்டு அடிக்கிறேன். வீட்டு மாடியில் வேண்டவே வேண்டாம்.

கொலுசுமெருகு | ஆகஸ்ட் 4

ஸ்ப்ரேயே எதற்கு? அரக்கு பாலிஷ் கையால் போடலாமே. எங்கள் தாத்தா காலத்து பீரோ இன்னும் மின்னுகிறது.

டிங்கர்பட்டறை | ஆகஸ்ட் 4

பீரோவைக் கட்டிப்பிடித்து யாரும் மூன்று மணி நேரம் வியர்ப்பதில்லை. அரக்கு வியர்வைக்கு இளகும், ஒரு சொட்டு ஸ்பிரிட் விழுந்தால் கரையும், ஈரத் தம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.

பேஸ்தாத்தா | ஆகஸ்ட் 4

டிங்கர் தம்பி சொல்வது எல்லாம் உண்மை. ஆனால் கரைவதுதான் அதன் நல்ல குணமும். பி.யூ. ஒரு இடத்தில் பெயர்ந்தால் முழுவதும் தேய்த்து மறுபடி அடிக்கவேண்டும். அரக்கு கீறினால் அந்த இடத்தில் மட்டும் புது அரக்கைத் தேய்த்தால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். நல்ல கிளாசிக்கல் கிட்டார் செய்கிறவர்கள் இன்னும் அதைத்தான் போடுகிறார்கள். ஒரு காலத்தில் இசைத்தட்டே அரக்கில்தான் வந்தது, 78 சுற்றுத் தட்டு. தம்பிக்குக் கைத்தவறு நிறைய நடக்கிறது என்பதால் அவருக்கு அரக்குதான் பொருத்தம்.

நான் ஜூன் 30 அன்று கேட்ட அளவு இன்னும் வரவில்லை.

ஒண்டிக்கடை | ஆகஸ்ட் 25

கைத்தவறு என்று சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. உடலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் இறங்கினேன். பக்கத்து சீட்டுப் பாட்டி "என்ன கண்ணு, வாழைத்தாரா?" என்றார்.

வெள்ளை பூத்ததைத் தின்னர் தொட்டுத் துடைத்து எடுத்தேன். அப்புறம் அம்மா வீட்டுக் கூடத்தில் வேலை. 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 20 கிராம் அரக்குச் சில்லு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினேன். உள்ளே பஞ்சு, வெளியே அப்பாவின் பழைய வேட்டித் துணி, ஒரு எலுமிச்சை அளவு பொட்டலம். அடியில் ஒரே ஒரு துளி ஆளிவிதை எண்ணெய், இல்லாவிட்டால் துணி ஒட்டி இழுக்கிறது. கை நிற்கவே கூடாது. நின்றால் அந்த இடத்தில் துணியின் நெசவு பதிந்துவிடுகிறது. முதலில் வட்டமாக, பிறகு எட்டு போட்டு, கடைசியில் நேராக. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ராத்திரி ஆற விட்டு, மறுநாள் மறுபடி. இப்படிப் பதினொரு நாள். ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம் என்று கையுறை போட்டு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தேன்.

எட்டாவது நாள்தான் அந்த ஆழம் வந்தது. செதில்கள் பளிங்குத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி. அம்மா வந்து பார்த்து, "இதை இவ்வளவு நாள் கறுப்புல ஒளிச்சு வெச்சிருந்தாரா உங்க சித்தப்பா?" என்றார்.

கொலுசுமெருகு | ஆகஸ்ட் 25

அருமை! எங்கள் மெருகு மோட்டாரில் கொடுத்துவிடாதீர்கள், யார் சொன்னாலும். அது நிமிடத்துக்கு 2,800 சுற்று. வெள்ளிக்குச் சரி, அரக்கு ஒரு நொடியில் கருகி உருகும். கையாலேயே துடையுங்கள். வேண்டுமானால் ஃப்ரெட்டுகளை மெருகேற்றக் கொண்டுவாருங்கள். அது பெயருக்குத்தான் நிக்கல் சில்வர், வெள்ளி ஒரு குண்டுமணி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். எங்கள் தெருவில் ஜெர்மன் சில்வர் என்போம், கொஞ்சம் இளக்காரத்தோடு.

ஒண்டிக்கடை | ஆகஸ்ட் 26

நெக்கைத் துடைத்துப் படம் போட்டிருக்கிறேன். ஃப்ரெட் தேய்மானம் எப்படி என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொலுசுமெருகு | ஆகஸ்ட் 26

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேய்ந்த உலோகம் பார்ப்பதுதான் என் தொழில். முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி விழுந்து விழுந்து பள்ளமே ஆகியிருக்கிறது. நாலாவதில் லேசாக. ஐந்துக்கு மேல் ஒரு கீறல் இல்லை, நேற்று அடித்த மாதிரி இருக்கிறது. உங்கள் சித்தப்பா வருடக்கணக்கில் வாசித்திருக்கிறார், ஆனால் மேலே போனதே இல்லை. ஏன்?

பேஸ்தாத்தா | ஆகஸ்ட் 26

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்பி, பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேடில் இருக்கும், திருகால் முன்னே பின்னே நகரும். அந்த ஆறும் எங்கே நிற்கின்றன? தயவுசெய்து இப்போதாவது அளவெடுங்கள்.

ஒண்டிக்கடை | ஆகஸ்ட் 26

ஆறும் கடைசிவரை பின்னுக்கு இழுத்து நிற்கின்றன. ஸ்பிரிங்குகள் நசுங்கித் தட்டையாகிவிட்டன. அளவு: நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் 324 மில்லிமீட்டர். 12-லிருந்து சேடில் 314. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் அல்லவா? மூன்று தடவை அளந்துவிட்டேன். கை நடுங்குகிறது, ஏனென்றால் பாலிஷ் போட்டு முடித்தாயிற்று.

ஈயம்63 | ஆகஸ்ட் 26

ஆஹா. நெக்கின் கணக்கு 324-ன் இரு மடங்கு, 648 மில்லிமீட்டர், அதாவது இருபத்தைந்தரை அங்குலம், ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் அளவு. ஆசாரி பிரிட்ஜ் வைத்தது சுமார் 629-க்கு, இருபத்து நாலே முக்கால் அங்குலம், கிப்சன் கம்பெனிக் கிட்டார் அளவு. ஏதோ ஒரு கிட்டாரைப் பார்த்து உடலை இழைத்துவிட்டு, வேறொரு அளவு கழுத்தை மாட்டியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். யாரோ சேடில்களை முடிந்தவரை பின்னே இழுத்தும் 638-க்கு மேல் வரவில்லை. 10 மில்லிமீட்டர் பாக்கி.

இனி கணக்கு. நிலத்தில் 100 சென்ட் ஒரு ஏக்கர், சங்கீதத்தில் 100 சென்ட் ஒரு அரைச்சுரம். இந்தக் கிட்டாரைத் திறந்த கம்பியில் சரியாகச் சுருதி சேர்த்தால், 3-வது ஃப்ரெட்டில் 5 சென்ட் ஏறி நிற்கும். பலருக்குக் காதில் படாது. 5-ல் 9. 7-ல் 13 சொச்சம், இப்போது உறுத்த ஆரம்பிக்கும். 12-ல் 27 சென்ட், ஒரு அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் மேல். தெருவில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

கொலுசுமெருகு | ஆகஸ்ட் 26

அதனால்தான் மூன்று ஃப்ரெட்!

ஒண்டிக்கடை | ஆகஸ்ட் 28

நேற்று அம்மாபேட்டை போனேன். அளவு டேப்பைக் காட்டி, கணக்கைச் சொன்னேன். சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

குழுவில் அவரை லீட், அதாவது தனியாக ஒலிக்கிற மெட்டு, வாசிக்கத்தான் சேர்த்தார்களாம். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் ஒரு கச்சேரி. பாட்டுக்கு நடுவே வருகிற கிட்டார் துண்டை மேலே வாசிக்கும்போதெல்லாம் சுருதி விலகியிருக்கிறது. குழுத் தலைவர் மேடையிலேயே மைக்கை மூடிக்கொண்டு, "உனக்குக் காது கிடையாதுய்யா, கீழ நின்னு கார்டு மட்டும் பிடி" என்றாராம். அதன் பிறகு ஏழெட்டு வருடம் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கும் பக்கச் சுரங்கள்) மட்டும் பிடித்தார், முதல் மூன்று ஃப்ரெட்டில். பிறகு அதையும் விட்டுவிட்டார். "நானும் எனக்குக் காது இல்லன்னுதான் நெனச்சுக்கிட்டேன்" என்றார். வீட்டில் சித்தி பாட்டு முணுமுணுத்தால் சுருதி தப்பு என்று உடனே சொல்கிற ஆள் அவர். எங்களுக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை.

பேஸ்தாத்தா | ஆகஸ்ட் 28

அந்தக் காலத்தில் ஊரில் யாரிடமும் எலக்ட்ரானிக் டியூனர் கிடையாது. ஆர்மோனியத்தைப் பார்த்து ஆறு கம்பியையும் சேர்ப்போம், மேலே எப்படி இருக்கிறது என்று பார்க்கிற வழக்கமே இல்லை. நானும் சில பேரைக் காது இல்லை என்று சொல்லியிருக்கிறேன். விடுங்கள்.

வேலையைப் பார்ப்போம். பிரிட்ஜைப் பின்னே தள்ளவேண்டும். 10 மில்லிமீட்டர் மட்டும் தள்ளினால் பத்தாது. அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும், தடித்த கம்பிக்கு அது இன்னும் அதிகம். அதைச் சரிக்கட்ட சேடில் 648-ஐத் தாண்டிக் கொஞ்சம் பின்னே போக இடம் வேண்டும். ஆகவே மெல்லிய முதல் கம்பியின் சேடில் கிட்டத்தட்ட முன்பக்கம் நிற்கும்போது 648 வருகிற மாதிரி வையுங்கள். உங்கள் கணக்கில் 18 மில்லிமீட்டர் பின்னே. பழைய திருகுத் துளைகள் தட்டுக்கு அடியிலேயே மறைந்துவிடும். அவற்றில் கெட்டி மரக்குச்சி செருகி ஃபெவிகால் வைத்து அடைத்துவிடுங்கள். துளை போடும் முன், இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் போட்டுப் பார்த்து, நெக்கின் இரண்டு விளிம்புக்கும் சம இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிங்கர்பட்டறை | ஆகஸ்ட் 28

துளை போடுகிற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் துளையுங்கள், பாலிஷ் சிதறாது. இப்போது சொல்கிறேன், அரக்கு போட்டதே நல்லது. பி.யூ.வாக இருந்தால் விரிசல் ஓடியிருக்கலாம்.

ஒண்டிக்கடை | செப்டம்பர் 7

பிரிட்ஜ் நகர்ந்தது. ஒரு துளையில் டிரில் வழுக்கி அரை அங்குலம் கீறிவிட்டேன் (கைத்தவறு!). பொட்டலத்தை நனைத்து நாலு தடவை தேய்த்தேன், தேடினால்தான் தெரிகிறது. முதல் மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடுங்கிப் புதிது அடித்தேன். மற்றவை புதுசு மாதிரி இருப்பதால் தொடவில்லை.

ஏற்காட்டில் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்தபோது கம்பியைத் தொட்டால் விரலில் சுருக் சுருக்கென்று குத்துகிறது. வயரிங் தப்பா?

ஈயம்63 | செப்டம்பர் 7

உடனே அணைத்துவிட்டு இதைப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா? மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய மலை வீடுகளில் மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்குத்தான். இரைச்சல் குறைவதற்காகக் கம்பி, பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயர் உடலோடு சேர்ந்திருக்கும். அது மண்ணுக்குப் போகவேண்டும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு உங்கள் விரல் வழியாகப் போகிறது. மைக்கில் உதடு பட்டால் இன்னும் மோசம்.

சிலர் பிரிட்ஜுக்குப் போகிற வயரை வெட்டிவிடச் சொல்வார்கள். அது தீர்வு இல்லை, ஆம்ப்ளிஃபயர் அப்படியேதான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டுங்கள். அதுவரை வாசிக்காதீர்கள்.

ஒண்டிக்கடை | செப்டம்பர் 14

எர்த் குழி போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் பழைய பாயின்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார், மூன்றாவது வயரே இல்லை. குத்தல் நின்றது, இரைச்சலும் பாதியாகிவிட்டது.

நாகலூர்மிளகு | செப்டம்பர் 14

எல்லாம் சரி, சித்தப்பா வாசித்தாரா இல்லையா?

ஒண்டிக்கடை | செப்டம்பர் 22

நேற்று கொண்டுபோனேன். முதலில் நிறத்தைப் பார்த்துவிட்டு, "கறுப்புதான் நல்லா இருந்தது, எதுக்கு உரிச்சே?" என்றார். சித்தி அவரை முறைத்தார். மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முதல் மூன்று ஃப்ரெட்டிலேயே கார்டு பிடித்துக்கொண்டிருந்தார், விரல் அங்கேயே பழகிவிட்டது போல. நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது, குடித்தார். அப்புறம் நேராக 12-வதுக்குப் போய் ஒரு கம்பியை அழுத்தினார், திறந்து அடித்தார், மறுபடி அழுத்தினார். ஒரு இருபது தடவை இருக்கும், அதையே. பாட்டு எதுவும் வாசிக்கவில்லை.

கிட்டார் இனி ஏற்காடு வராது, அங்கேயே விட்டுவிட்டேன். இன்று காலை ஆறரைக்குப் போன் செய்தார். 14-வது ஃப்ரெட்டில் இரண்டாவது கம்பி இரைகிறதாம், அடுத்த ஃப்ரெட் ஒரு முடி அளவு தூக்கி நிற்கிறதாம். இத்தனை வருடம் அங்கே யாரும் விரல் வைக்காததால் எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். கொலுசுமெருகு அண்ணா, ஃப்ரெட் தலையை உருட்டித் தேய்க்கிற மாதிரி மெல்லிய அரம் உங்களிடம் இருக்குமா?